நரம்பு எது, நாளம் எது?
மருத்துவச் சொற்களின் பொருட்குழப்பம் பற்றி

ஊசி போட வந்த செவிலியர் புறங்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பே கிடைக்கலை" என்கிறார். அவர் தேடுவது இரத்தக்குழாயை. அதே மருத்துவமனையின் இன்னொரு தளத்தில் 'நரம்பியல் பிரிவு' என்று பலகை இருக்கிறது. அங்கே பார்ப்பது மூளையையும் தண்டுவடத்தையும். வெளியே சுவரில் 'நரம்புத் தளர்ச்சிக்கு உடனடித் தீர்வு' என்று எழுதியிருந்தால் அது இரண்டையும் சேர்ந்ததன்று. ஆண்மைக்குறைவை அப்படி நாசூக்காகச் சொல்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். காலில் சிரைகள் புடைத்து நெளிந்தால் "நரம்பு சுருட்டிக்கிச்சு". கணுக்காலில் தசைநார் பிசகினால் அதுவும் நரம்புதான். தாவரவியல் பாடத்தில் இலைக்கு நரம்பமைவு உண்டு, யாழுக்கு நரம்பு உண்டு.

இதைத் தமிழின் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீளமாக, மெல்லியதாக, இழுத்துக் கட்டியதுபோல் இருப்பதெல்லாம் நரம்பு என்று கண்ணால் கண்டதை வைத்துப் பெயரிட்டார்கள். கிரேக்கரும் இதையேதான் செய்தார்கள். 'நியூரான்' என்ற சொல் அவர்களிடம் முதலில் தசைநாரையும் வில்லின் நாணையும் குறித்தது. மூளையிலிருந்து வரும் இழைகளுக்கு அது உரியதானது பிற்பாடு. அந்தப் பழைய பொருளின் மிச்சம் இன்றும் உடற்கூற்றியலில் இருக்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தட்டையான நார்த்தகட்டுக்கு 'அப்போநியூரோசிஸ்' என்று பெயர். நரம்பணுவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

திரிசொல்லைப் பற்றிச் சொல்லும்போது நம் இலக்கணிகள் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார்கள்: ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல். நிகண்டுகளில் இரண்டாவது வகைக்கென்றே தனித் தொகுதி வைத்தார்கள். புலவருக்கு இரண்டுமே செல்வம். மருத்துவத்தில் இரண்டுமே இடர்தான், ஆனால் ஒரே அளவில் அன்று, ஒரே இடத்திலும் அன்று. உடலுறுப்பு, நோய், மருந்து என்று மூன்று களத்திலும் இந்த இடர் வெவ்வேறு விதமாக வேலை செய்கிறது. கலைச்சொல் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் எது தூய தமிழ் என்பதிலேயே நின்றுவிடுவதால் இந்த வேறுபாடு கவனிக்கப்படாமலே போகிறது.

உறுப்புகளிலிருந்து தொடங்கலாம். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்ற மூன்றையும் பாருங்கள். செயலில் ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று உறுப்புகளுக்கும் 'ஈரல்' பொது. முன்னால் ஓர் அடைமொழி சேர்ந்ததும் குழப்பம் தீர்ந்துவிட்டது. பேச்சில் அடைமொழி உதிரும்போதுதான் தொல்லை. "ஈரல் கெட்டுப்போச்சு" என்பவரிடம் மருத்துவர் எந்த ஈரல் என்று கேட்டே ஆக வேண்டும். 'வயிறு' இன்னும் விரிந்தது. இரைப்பை, குடல், கருப்பை மூன்றும் அதற்குள் அடக்கம். வயிறு எரிகிறது, வயிறு போகிறது, வயிற்றில் மூன்று மாதம் என்ற மூன்று வாக்கியங்களும் மூன்று வேறு மருத்துவர்களிடம் போக வேண்டியவை. சூழலே பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுவதால் இங்கெல்லாம் பெரிய ஆபத்து இல்லை.

ஆபத்து இருப்பது, இரண்டு பேரும் கலைச்சொல்லைத்தான் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டு வேறு வேறு பொருளில் பேசும்போது. இதற்குப் பாக் நீரிணையின் இரு கரைகளையும்விட நல்ல சான்று கிடையாது. தமிழ்நாட்டுப் பாடநூலில் இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய் தமனி, திரும்பக் கொண்டுவருவது சிரை. இலங்கைப் பாடநூலில் முன்னது நாடி, பின்னது நாளம். தமிழ்நாட்டில் 'இரத்த நாளம்' என்றால் எந்த இரத்தக்குழாயும் ஆகலாம். யாழ்ப்பாணத்து மாணவருக்கோ நாளம் என்பது சிரை மட்டுமே. பொதுவான இரத்தக்குழாயை அவர் குருதிக்கலன் என்பார். தமிழ்நாட்டின் 'நாளமில்லாச் சுரப்பி'யில் வரும் நாளம் இரத்தக்குழாயே அன்று, சுரப்பு நீர் வழியும் குழாய். ஒரே சொல், மூன்று பொருள், மூன்றும் அச்சேறிய பாடநூல் வழக்கு. நாடியின் கதையும் அப்படித்தான். மதுரையில் நாடி பிடித்துப் பார்ப்பது துடிப்பை. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி முக்கியமானது. தென்மாவட்டங்களில் அது முகவாய்க்கட்டையும்கூட. கொழும்பில் முடியுருநாடி என்று எழுதியிருந்தால் அது இதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாய். அங்கே அடைப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து.

மற்ற வேறுபாடுகள் இவ்வளவு கொடியவை அல்ல. செல்லும் கலமும், திசுவும் இழையமும், கணையமும் சதையியும், உதரவிதானமும் பிரிமென்றகடும் ஒரே பொருளுக்கான இரட்டைப் பெயர்கள். படிப்பவருக்கு ஒரு சொல் புரியாமல் போகலாம், தவறாகப் புரியாது. புரியாத சொல்லைப் பார்த்தவர் அகராதியைத் தேடுவார். புரிந்ததுபோல் தோன்றும் சொல்லுக்கு யாரும் அகராதியைத் திறப்பதில்லை. என் கணக்கில் 'பிரிமென்றகடு' பாவமற்றது, 'நாளம்'தான் குற்றவாளி.

இந்தப் பிரிவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1847-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். 1860-களில் வகுப்பு முழுவதையும் தமிழுக்கே மாற்றினார். 1867-இல் 'இரண வைத்தியம்', 1872-இல் கிரேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமான 'மனுஷ அங்காதிபாதம்', 1875-இல் 'கெமிஸ்தம்' என்று அவரும் அவர் மாணவர்களும் கொண்டுவந்த நூல்கள் பல. தலைப்புகளே அவர்களுடைய சொல்லாக்க முறையைக் காட்டிவிடும். வைத்தியர்களிடம் புழங்கிய சொல் கிடைத்தால் அது, வடமொழி உதவினால் அது, இரண்டும் கைகொடுக்காவிட்டால் ஆங்கில ஒலியையே தமிழாக்கிக்கொள்வது. தமிழ்நாட்டில் இந்த முயற்சி வேறு வழியில் நடந்தது. 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1930-களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் குழுக்கள் அமைத்துக் கலைச்சொல் தொகுதியை வெளியிட்டது. அந்தப் பணியை நெறிப்படுத்தியவர்களில் கிழக்கிலங்கையின் விபுலாநந்த அடிகளும் ஒருவர். அப்போது ஒரே மேசையில் உட்கார்ந்த இரு கரையாரும், விடுதலைக்குப் பின் தனித்தனி அரசுத் துறைகளின் கீழ்ப் போய்த் தனித்தனியே பட்டியல் போட்டுக்கொண்டார்கள்.

நோய்ப் பெயர்களுக்கு வந்தால் காடு அடர்த்தியாகிறது. காசம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் இருமலுக்கு ஒரு சொல், கண்ணில் வரும் ஒரு நோய்க்கு இன்னொரு சொல். ஒலி வேறு, எழுத்தும் வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் 'காசம்' என்றே விழுந்தன. ஆகவே பழைய ஏட்டில் காசம் என்றிருந்தால் அது இருமலா கண்நோயா என்பதை முன்பின் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்றைய தமிழில் அது இரண்டுமன்று, காசநோய். அந்தக் காசநோய்க்கோ எலும்புருக்கி, சயம், க்ஷயரோகம், டி.பி. என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சித்த நூல்களில் இளைப்பு என்பதும் இதைக் குறிக்கும். பேச்சில் இளைப்பு என்றால் மூச்சு வாங்குவது, அல்லது மெலிவது. ஆஸ்துமாவுக்கு இரைப்பு, ஈளை, இழுப்பு என்ற பெயர்களோடு இலங்கையில் தொய்வு, முட்டு என்றும் சொல்வார்கள். 'இழுப்பு' வலிப்பையும் குறிக்கும். "ராத்திரி குழந்தைக்கு இழுப்பு வந்திருச்சு" என்ற தாயின் வாக்கியத்தைக் கேட்டு, மூச்சா வலிப்பா என்று கேட்காத மருத்துவர் பாதி வாக்கியத்தைத்தான் கேட்டிருக்கிறார்.

மேகம் இன்னொரு பெருஞ்சொல். சிறுநீர் தொடர்பான நோய்களுக்கெல்லாம் சித்த மருத்துவம் இட்ட பொதுப்பெயர் அது. மதுமேகம் அதில் ஒன்று. அதே சொல் பால்வினை நோய்களுக்கும் வழங்கியது. இதனால் 'மேகநோய் நிவாரணி' என்ற பழைய விளம்பரத்தைப் பார்த்து அது நீரிழிவுக்கான மருந்தா, வெட்டைக்கான மருந்தா என்று சொல்ல முடியாது. விற்றவருக்கு அது வசதியாகவும் இருந்திருக்கும். வாதம் என்பதோ மூட்டையும் நரம்பையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவருகிறது: கீல்வாதம் மூட்டு நோய், பக்கவாதம் மூளை இரத்தக்குழாய் நோய், இளம்பிள்ளைவாதம் தண்டுவடத்தைத் தாக்கும் வைரஸ் நோய். முடக்குவாதம் என்ற சொல்லை நாளிதழ்கள் மூட்டழற்சிக்கும் கை கால் செயலிழப்புக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. மூன்று தோஷக் கோட்பாட்டுக்குள் வாதம் ஒரு ஒழுங்கான கருத்து. அந்தக் கோட்பாட்டை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது.

அம்மை வகையில் கடல் கடந்தால் வேறு சிக்கல். தமிழ்நாட்டின் தட்டம்மைக்கு மணல்வாரி என்ற பெயரும் உண்டு. இலங்கையில் அதுவே சின்னமுத்து. தமிழ்நாட்டின் சின்னம்மை இலங்கையில் கொப்பளிப்பான். சின்னம்மை, சின்னமுத்து என்ற இரு பெயர்களையும் கேட்கும் யாரும் இரண்டும் ஒன்றென்றே நினைப்பார்கள். ஆனால் இரண்டும் வேறு வைரஸ், வேறு தடுப்பூசி. சென்னையிலோ லண்டனிலோ குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தபடி, "இவனுக்குச் சின்னமுத்து வந்து போயிட்டுது" என்று ஓர் ஈழத்துப் பாட்டி சொன்னால், கேட்பவர் எந்த ஊர்த் தமிழர் என்பதைப் பொறுத்துக் குறிப்பு மாறிவிடும்.

ஆனாலும் இன்று மிக அதிகமாகத் தீங்கு செய்யும் சொல் எது என்று கேட்டால் 'மாரடைப்பு' என்பேன். இதயத்துக்கு இரத்தம் செல்லும் குழாய் அடைபட்டுத் தசை சேதமாவது மாரடைப்பு. நோயாளிக்குப் பெரும்பாலும் நினைவிருக்கும், பேசுவார், மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேரம் இருக்கும். இதயம் திடீரென்று துடிப்பதை நிறுத்திவிடுவது இதய நிறுத்தம். ஆள் உடனே நினைவிழந்து விழுவார். அந்த நிமிடமே மார்பை அழுத்தத் தொடங்கினால்தான் பிழைக்க வழி. முன்னது பின்னதற்குக் காரணமாகலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நம் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் இரண்டையும் மாரடைப்பு என்றே எழுதிப் பழகிவிட்டன. வாசகர் மனத்தில் பதிவது "மாரடைப்பு வந்தால் வண்டி பிடித்து ஓட வேண்டும்" என்பது மட்டும். விழுந்து கிடப்பவருக்கு மூச்சும் துடிப்பும் இல்லாதபோது ஓட்டம் உதவாது. இங்கே சொல்லைப் பிரிப்பது உயிர்காக்கும் பயிற்சியின் முதல் பாடம்.

மேலை மருத்துவத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற எண்ணமும் சரியன்று. அங்கே இரட்டைப் பெயர்கள் பிறவியிலேயே உண்டு. உறுப்பின் பெயர் பெரும்பாலும் லத்தீன், நோயின் பெயர் பெரும்பாலும் கிரேக்கம். சிறுநீரகத் தமனி 'ரீனல்' தமனி, சிறுநீரக அழற்சி 'நெஃப்ரைட்டிஸ்'. முதலாண்டு மாணவர்கள் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு வேர்ச்சொல் மனப்பாடம் செய்வது இதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உடற்கூற்றியலில் சுமார் 50,000 பெயர்கள் புழங்கின. ஒவ்வொரு நாடும் தன் அறிஞரின் பெயரை உறுப்புகளுக்குச் சூட்டியிருந்தது. 1895-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய உடற்கூற்றியலாளர்கள் அவற்றை ஏறத்தாழ 5,000 லத்தீன் பெயர்களாகக் குறைத்தார்கள். 1955-இல் பாரிசில் ஏற்ற திருத்தம் ஆட்பெயர்களை அடியோடு நீக்கியது. வகுப்பறையில் இன்றும் ஃபலோப்பியன் குழாய்தான்.

நோய்களில் ஆட்பெயர் ஒழிக்கவே முடியாததாகிவிட்டது. கழுத்து வீங்கிக் கண் பிதுங்கும் தைராய்டு நோயை 1835-இல் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்தார், 1840-இல் ஜெர்மனியில் கார்ல் பாசெடோ விவரித்தார். ஆங்கிலம் பேசும் உலகுக்கு அது கிரேவ்ஸ் நோய், ஜெர்மானியருக்கு பாசெடோ நோய். இருவருக்கும் முன்பே கண்டவர்களும் உண்டு. இது தேசப்பெருமைச் சண்டை. இதனால் நோயாளிக்குப் பெரிய கேடில்லை.

சுருக்கெழுத்துகளால் கேடு உண்டு. 'எம்.எஸ்.' என்றால் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது சுப்புலட்சுமி, மருத்துவருக்கு அறுவை மருத்துவப் பட்டம். மருந்துச் சீட்டிலோ அது மார்ஃபின் சல்பேட் ஆகலாம், மெக்னீசியம் சல்பேட்டும் ஆகலாம். நோய்க்குறிப்பில் இதய வால்வுச் சுருக்கம் அல்லது மூளை நரம்புறை நோய். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், 2004-இல் வெளியிட்ட விலக்கப்பட்ட சுருக்கங்களின் பட்டியலில் இதைச் சேர்த்ததில் வியப்பில்லை.

சில பெயர்கள் குழப்பத்துக்காக இல்லாமல் மனிதரை இழிவு செய்ததற்காக மாறின. 1866-இல் லாங்டன் டவுன் விவரித்த, இன்று டவுன் நோய்க்குறி எனப்படும் நிலைக்கு ஓர் இனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1961-இல் மரபியல் அறிஞர்கள் 'லான்செட்' இதழில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மங்கோலிய நாட்டின் வேண்டுகோளுக்குப் பின் 1965-இல் உலக சுகாதார நிறுவனமும் அதைக் கைவிட்டது. குரங்கம்மைக்கு 2022 நவம்பரில் 'எம்பாக்ஸ்' என்று பெயரிட்டபோது, பழைய பெயரும் ஓராண்டு உடன் வழங்கலாம் என்று அதே நிறுவனம் இடம் கொடுத்தது. பெயரை மாற்றுவோர் பின்பற்ற வேண்டிய நல்ல முறை இது. தமிழில் குட்டம், பெருவியாதி என்றிருந்ததைத் தொழுநோய் என்று மாற்றிக்கொண்டோம். பழைய சொற்களின் வசை அதில் குறைவு என்பது உண்மை.

நீரிழிவின் கதை இன்னும் சுவையானது. மருத்துவத்தில் இரண்டு நீரிழிவுகள் இருந்தன: இரத்தச் சர்க்கரை கூடுவது ஒன்று, சர்க்கரைக்கு எந்தத் தொடர்பும் இல்லாமல், வாசோபிரசின் என்னும் ஹார்மோன் குறைவதாலோ சிறுநீரகம் அதற்கு இணங்காததாலோ குடம் குடமாகச் சிறுநீர் போவது மற்றொன்று. இரண்டாவது அரிய நோய். பெயரில் 'டயாபடீஸ்' இருந்ததால் மருத்துவப் பணியாளர்களே சர்க்கரையைச் சோதித்துப் பார்த்துவிட்டு, உயிர்காக்கும் ஹார்மோன் மருந்தைத் தராமல் விட்ட நிகழ்வுகள் உண்டு. 2022-இல் பன்னாட்டு நாளமில்லாச் சுரப்பியியல் சங்கங்களின் குழு, பெயரையே வாசோபிரசின் குறைபாடு, வாசோபிரசின் எதிர்ப்பு என்று மாற்றப் பரிந்துரைத்தது. நீர் இழிதல் என்ற நம் சொல் உண்மையில் இந்த இரண்டாவது நோய்க்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். சர்க்கரை நோய், இலங்கையின் சலரோகம், எல்லோர் வாயிலும் வரும் சுகர் ஆகியவற்றுள் மருத்துவர் நோயாளியிடம் பேச உகந்தது 'சர்க்கரை'தான்.

மருந்துப் பெயர்களில் நிலைமை தலைகீழ். இங்கே ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பதே ஆளைக் கொல்லும். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியின் சாரத்துக்கு ஆபெல் 'எபிநெஃப்ரின்' என்று கிரேக்கத்தில் பெயரிட்டார். அதைத் தூய வடிவில் பிரித்த தகாமினே 'அட்ரினலின்' என்று லத்தீனை நாடினார். இரண்டுக்கும் வேர் சிறுநீரகம்தான். வணிக உரிமைச் சிக்கலால் அமெரிக்கா ஒன்றையும் பிரிட்டன் மற்றொன்றையும் வைத்துக்கொண்டன. உலகுக்கெல்லாம் ஒரே பெயர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1950-களில் பொதுப்பெயர்த் திட்டத்தைத் தொடங்கியது. ஆனாலும் அமெரிக்கர் பாராசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்றே அழைக்கிறார்கள். இரண்டு பெயரும் ஒரே வேதிப்பெயரின் வெவ்வேறு துண்டுகள். நம் ஊரில் குரோசின், டோலோ, கால்பால் என்று அது பல பெயரில் வரும். சளி மாத்திரைகளுக்குள் பெயரே தெரியாமலும் கலந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று மூன்று பெயரில் ஒரே மருந்தை விழுங்குபவர், நாளொன்றுக்கு 4 கிராம் என்ற உச்சவரம்பைத் தாண்டுவது எளிது, பாதிப்பு கல்லீரலுக்கு. எதிர்த்திசையிலும் விபத்து உண்டு: 'டிலாகோர்' அமெரிக்காவில் ஒரு மருந்தின் வணிகப்பெயராக இருந்தது, செர்பியாவில் முற்றிலும் வேறொரு இதய மருந்தின் பெயராக இருந்தது. பயணிகள் மருந்துச் சீட்டை வெளிநாட்டில் கொடுத்து வாங்க வேண்டாம் என்று 2006-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

இதற்கெல்லாம் உலகம் கண்டிருக்கும் வழி, சொற்களை அழிப்பதன்று, சொற்களுக்குப் பின்னால் எண் வைப்பது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1986-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த மருத்துவமொழித் திட்டம், எத்தனை அகராதியில் எத்தனை பெயர் இருந்தாலும் ஒரு கருத்துக்கு ஒரே அடையாள எண் என்று கட்டியது. ஸ்னோமெட் என்னும் பன்னாட்டு மருத்துவச் சொல் குறியீட்டில் மாரடைப்பின் எண் 22298006, இதய நிறுத்தத்தின் எண் 410429000. செய்தித்தாள் ஒன்றாக்கிய இரண்டையும் கணினி பிரித்தே வைத்திருக்கிறது. இந்தியாவும் ஸ்னோமெட் அமைப்பின் உறுப்பு நாடு. 2024 ஜனவரி 10 அன்று புது தில்லியில் வெளியிடப்பட்ட பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் புதிய பகுதியில் ஆயுர்வேதம், யுனானியோடு சித்த மருத்துவ நோய்ப் பெயர்களுக்கும் எண் கிடைத்திருக்கிறது. நிகண்டு மரபில் வந்தவர்களுக்கு இது அந்நியமான வேலையே அல்ல. காவல்துறையில் பணியாற்றிய டி.வி. சாம்பசிவம் பிள்ளை, 1931 முதல் வெளிவந்த தம் பெரிய சித்த மருத்துவ அகராதியில், ஒரு சொல்லின் பல பொருளையும் ஒரு மூலிகையின் பல பெயரையும் தனி ஒருவராகத் தொகுத்துக் காட்டியவர்.

இன்று தமிழில் அதைச் செய்ய ஒருவர் வாழ்நாள் தேவையில்லை, மனம் மட்டும் வேண்டும். தமிழ்நாடு பாடநூல் கழகம் மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டிருக்கும் இவ்வேளையில், இலங்கைப் பாடநூல் சொற்களையும் ஒரே பட்டியலில் எண்ணோடு சேர்த்தால் போதும். எந்தக் கரையும் தன் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. நாளம், நாடி, முடக்குவாதம், மாரடைப்பு போன்ற பலபொருட் சொற்களுக்கு மட்டும் தனியே எச்சரிக்கைக் குறி போட்டு, எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று வரையறுக்க வேண்டும். கலைச்சொல் குழுக்கள் அடுத்த புதுச்சொல்லை ஆக்கும் முன் இந்தச் சிறு பட்டியலை முடித்துத் தரட்டும். வாசகர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டிலுள்ள மருந்துப் பட்டைகளை எடுத்து, வணிகப்பெயரை விட்டுவிட்டு, அதனுடன் அச்சிட்டிருக்கும் பொதுப்பெயர்களைப் படித்துப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு பட்டையில் இருந்தால், இரண்டையும் ஒரே நாளில் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.